பிசின் காயாத சுத்தியல்

மேசையில் கிடந்த சுத்தியலை ஞானாம்பிகை இன்னும் தொடவில்லை. தொட்டால் வேலையை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அன்று செவ்வாய்க்கிழமைதான். காலை பத்து மணிக்கே அவளுக்குச் சனிக்கிழமைக் களைப்பு.

கோட்-டெ-நெய்ஜ் வீதியில், பாலும் பாணும் லொத்தர் சீட்டும் விற்கும் ஒரு தெப்பனர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். அடுத்தவர் அழுகையைப் பிரெஞ்சில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் காலையில் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவள். துப்பறிகிற வேலையில் அழுகை குறைவாக இருக்கும் என்று நினைத்தாள். அந்தக் கணக்கு பிழைத்துவிட்டது. வயது ஐம்பத்துமூன்று, முழங்கால்களுக்கு மட்டும் எழுபது.

எதிரே இருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் நல்லம்மா. குளிர் அங்கியைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள்.

“எங்கட இவரைக் காணேல்லை, அக்கா. இண்டையோட எட்டு நாள். அருமைராசா எண்டு பேர். லாசாலில மரம் அறுத்து விக்கிற ஒரு மரக் காலையில வேலை.”

“பொலிஸிட்ட சொன்னனீங்களோ?”

“அவங்களே ரெண்டு தரம் வந்திட்டாங்கள். மரக் காலை முதலாளி கத்தரின் முறைப்பாடு குடுத்திருக்கிறா. தன்ர பூட்டன் காலத்துச் சுத்தியலை இவர் களவெடுத்திட்டாராம். ஆயிரத்து எண்ணூற்று எண்பதாம் ஆண்டுச் சாமானாம். மியூசியத்தில வைக்கிற சாமானாம்.” நல்லம்மா மேசையைக் காட்டினாள். “நேற்று அரிசி மூடைக்குள்ள கையை விட்டன். இது கிடந்தது.”

ஜன்னலோரத்தில் நின்ற செல்வராஜ் திரும்பினான். ஞானாம்பிகையின் உதவியாளன், முப்பத்து நாலு வயதுச் சென்னைக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்கென்று மொன்றியல் வந்து, வந்த ஏழாவது மாதமே கம்பெனி மூடப்பட்டு, தற்காலிகமாக இங்கே சேர்ந்தவன். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது நாலு வயது.

“எங்க ஊர் அரிசில கல்லு கிடக்கும். சுத்தியல் கிடக்கறத இப்பதான் பாக்கறேன்,” என்றான்.

நல்லம்மா சிரிக்கவில்லை. “இவருக்கு இன்னும் பேப்பர் வரேல்லை அக்கா. நான் தொண்ணூற்றெட்டில வந்தனான், எனக்குக் குடுத்திட்டாங்கள். இவர் மூண்டு வருசத்துக்கு முந்தித்தான் வந்தவர். களவு எண்டு வழக்குப் பதிஞ்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எல்லோ? இந்த நேரத்தில அங்க போனால்…”

முடிக்கத் தேவையில்லை. 2006 ஒக்டோபர். ஊரில் சண்டை மறுபடி தொடங்கி, ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணப் பாதையையும் மூடியிருந்தார்கள். ஞானாம்பிகை தினமும் காலையில் வானொலியை ஐந்து நிமிடம் கேட்பாள். ஆறாவது நிமிடம் அணைத்துவிடுவாள்.

“இந்தச் சுத்தியலை வைச்சு ஒருத்தரைக் கண்டுபிடிக்க ஏலுமோ அக்கா?” என்றாள் நல்லம்மா. “எத்தினை நாள் எடுக்கும்?”

ஞானாம்பிகை அவளை நிமிர்ந்து பார்த்தாள். காணாமல் போனவர்களின் மனைவிமார் நிறையப் பேர் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பாரா என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. இவள் நாள்களைக் கேட்கிறாள்.

“பாப்பம். நம்பரை எழுதிப்போட்டுப் போங்கோ,” என்றாள்.

நல்லம்மா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். செல்வராஜ் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். “இந்த நம்பர எங்கயோ பாத்திருக்கேன் மேடம்.”

“உமக்குத் தெரிஞ்ச பொம்பிளையள் நம்பர் எல்லாம் என்னட்டைச் சொல்ல வேண்டாம்.”

“தெரிஞ்சவங்க இருந்தா நான் ஏன் மேடம் வீடு தேடி அலையறேன்? மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லிட்டாரு எங்க ஓனர்.”

ஞானாம்பிகை கடைசியில் சுத்தியலைத் தொட்டாள். முழங்கை நீளக் கைப்பிடி. உள்ளங்கைக்குள் அடங்காத இரும்புத் தலை. அடிக்கிற முகத்தில் ஒரு வட்டம் மேடாக நின்றது. வட்டத்துக்குள் ஆங்கில ஆர் எழுத்து, இடம் வலம் மாறி. அதற்குக் கீழே மூன்று சின்னப் புள்ளிகள். தடவிப் பார்த்த விரல் இரும்பில் ஒட்டிக்கொண்டது. இழுத்து எடுத்து முகர்ந்தாள். பைன் மரப் பிசின், மருந்து மாதிரிக் காரமான வாசனை.

செல்வராஜ் அதை வாங்கி மை ஒற்றியில் அமுக்கி, காகிதத்தில் ஒரு குத்துக் குத்தினான். இப்போது ஆர் நேராக விழுந்தது. “ரப்பர் ஸ்டாம்ப் மேடம். ரப்பர் மட்டும் இல்ல.”

பிறகு கணினியில் கத்தரினின் கம்பெனியைத் தேடி எடுத்தான். ‘ரிவார் நதிமரம்’. நூறு வருடங்களுக்கு முன் காட்டிலிருந்து ஆற்றில் விட்டு, வழியில் மூழ்கிப்போன மரங்களை வெளியே எடுத்து அறுத்து விற்கிறவர்கள். தண்ணீருக்கு அடியில் கிடந்த அந்தப் பலகைக்குப் பணக்கார வீடுகளில் பெரிய கிராக்கி. பக்கத்தின் நடுவில் ஒரு கிழவரின் படம். ஒரு கட்டையின் அடியில் பெருவிரலை வைத்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு வரி: ‘ஒவ்வொரு கட்டையின் முத்திரையையும் எங்கள் கடைசி திராவெர் லூசியான் தன் விரலால் வாசித்து உறுதி செய்கிறார்.’

“திராவெர்னா?”

“ஆத்தில மரங்களை ஓட்டிக்கொண்டு போறவங்கள்,” என்றாள் ஞானாம்பிகை, கோட்டை எடுத்தபடி. “சுத்தியல் கிழடா, புதுசா எண்டதுதான் இப்ப கேள்வி. கிழடு எண்டால் அருமைராசா கள்ளன். புதுசெண்டால் கத்தரின் பொய் சொல்லுறா. வாரும், வாசிக்கத் தெரிஞ்ச ஆளிட்டப் போவம்.”

மெத்ரோவில் இரண்டு தரம் மாறி, அங்ரினோனில் இறங்கி, பஸ்ஸில் அரை மணி. லாசாலில் ஆற்றுப் பக்கமாக இருந்தது முதியோர் இல்லம். லூசியான் தொலைக்காட்சிக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தார். சத்தமில்லாமல் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது. கண்களில் வெள்ளை படர்ந்திருந்தது. ஹொக்கியைப் பார்க்கிறாரா, சும்மா அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று தெரியவில்லை.

“சிகரெட் இருக்கிறதா?” என்றார் பிரெஞ்சில், வணக்கத்துக்குப் பதிலாக.

“இல்லை. சுத்தியல் இருக்கிறது,” என்றாள் ஞானாம்பிகை.

அவர் மடியில் அதை வைத்தார்கள். கிழவரின் பெருவிரல் இரும்பு முகத்தைத் தேடிப் போய் வட்டத்தைச் சுற்றி வந்தது. இருபது வருடம் செயின்ட் மோரிஸ் ஆற்றில் வேலை செய்தேன் என்றார். குளிர்காலம் முழுக்க மேலே காட்டில் வெட்டுவார்கள். ஒவ்வொரு கட்டையின் இரண்டு முனையிலும் அவரவர் கம்பெனிச் சுத்தியலால் ஒரு அடி. பனி உருகினதும் எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளிவிடுவார்கள். பத்துக் கம்பெனி மரமும் ஒரே தண்ணீரில் ஒன்றாக வரும். கீழே முத்திரை பார்த்துப் பிரிப்பார்கள்.

“மாடுகளுக்குக் குறி சுடுவதுபோல,” என்றார். “மாடு தாழாது, அதுதான் வித்தியாசம். நூற்றில் பத்துக் கட்டை தாழ்ந்துபோகும். கட்டையோடு சில சமயம் ஆளும் போவான்.”

ஞானாம்பிகை தமிழில் சொல்லச் சொல்ல, செல்வராஜ் கேட்டுக்கொண்டிருந்தான். “இவரு பேசறதக் கேட்டா எனக்கே குளுருது மேடம்.”

பெருவிரல் ஆர் எழுத்தைக் கடந்து கீழே இறங்கி நின்றது. “ரிவார் வட்டம் சரி. எழுத்தும் சரி. இந்தப் புள்ளிகள் என்ன?”

“நாங்கள் உங்களைக் கேட்க வந்தோம்.”

“ரிவார் முத்திரையில் புள்ளி கிடையாது. எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு சின்னப் புள்ளி கிடையாது. ஒரு வாரம் அடித்தால் பிசின் அடைத்து ஒன்றும் தெரியாது. ஓடுகிற கட்டையில் காலை வைத்துக்கொண்டு கண் சிமிட்டுகிற நேரத்தில் வாசிக்க வேண்டும். சித்திர வேலைக்கு யாருக்கு நேரம்?” விரலை மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு தரம் முகர்ந்தார். “இந்தப் பிசின் எங்கே பட்டது?”

“கத்தரினின் மரக் காலையில், நதிமரத்தில்.”

“நூறு வருடம் தண்ணீரில் கிடந்த மரம் இப்படி அழாது, மதாம். இது போன கோடையில் காட்டில் நின்ற மரம்.”

ஞானாம்பிகை மெதுவாகக் கேட்டாள். “கத்தரினுக்காகக் கடைசியாக எப்போது கட்டை வாசித்தீர்கள்?”

“நாலு வருடம் இருக்கும். மூன்று கோடை எடுத்தோம். நல்ல மரங்கள். பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆற்றில் இருந்தது முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.” தலையைத் திருப்பினார். “ஏன், என் படம் இன்னும் போட்டிருக்கிறார்களா?”

“ஆம், போட்டிருக்கிறார்கள்.”

“எப்படி இருக்கிறேன்?”

“நல்ல பலசாலியாக.”

கிழவர் சுத்தியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஹொக்கிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலுக்கு வரும்போது ஞானாம்பிகைக்கு நாள் முழுக்க நடந்த மாதிரி இருந்தது. மணி இன்னும் பன்னிரண்டரைதான்.

மரக் காலை அங்கிருந்து நாலு தெரு தள்ளி, தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு நடுவே. மழை தூறத் தொடங்கியிருந்தது. வாசல் படலைக்கு முன்னால் ஞானாம்பிகை நின்றாள். “நீர் இப்ப பெரிய ரெஸ்டோரன்ட் முதலாளி. நான் உம்முடைய மொழிபெயர்ப்பாளர்.”

“என்ன ரெஸ்டோரன்ட் மேடம்?”

“உமக்குப் பிரெஞ்சு தெரியாது. வாயைத் திறக்காமல் பணக்காரன் மாதிரி நில்லும்.”

“வாய மூடினா பணக்காரன் மாதிரி இருப்பேன்னு எங்கம்மாவும் சொல்லுவாங்க.”

கத்தரின் தானே வெளியே வந்தாள். நாற்பத்தைந்து வயது, கம்பளிச் சட்டை முழுக்க மரத்தூள், கண்களுக்குக் கீழே கறுப்பு. கொடுமைக்காரி ஒருத்தியை எதிர்பார்த்து வந்த ஞானாம்பிகைக்கு, கண்ணாடியில் தன்னையே பார்த்த மாதிரி இருந்தது. சரியாக உறங்காத பெண்களை அவளுக்குத் தெரியும்.

கொட்டகைக்குள் ஒரு நீளமான தண்ணீர்த் தொட்டி. அதற்குள் ராட்சதக் கட்டைகள் கறுத்துக் கிடந்தன. “ஆற்றிலிருந்து எடுத்ததும் உடனே காயவிட்டால் வெடித்துவிடும். அதனால் தண்ணீரிலேயே வைத்திருக்கிறோம்,” என்று விளக்கினாள் கத்தரின். தன் பூட்டனார் எப்படி இரண்டு கோடரியோடு வடக்கே போனார், பேப்பர் ஆலைகள் எப்படி வந்தன, இந்த வருடம் ஒவ்வொரு மாதமும் எந்த ஊரில் எந்த ஆலை மூடுகிறது, எல்லாம் சொன்னாள். பொய்க்காரி மாதிரியே இல்லை. “எங்கள் குடும்பத்தில் மரவேலையில் மிச்சமிருப்பது நான்தான். என்னிடம் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். இந்த வருடம் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் அதிகம் இல்லை.”

ஞானாம்பிகை தொட்டியின் ஓரமாக நடந்தாள். ஒவ்வொரு கட்டையின் முனையிலும் வட்டம், ஆர், மூன்று புள்ளி. பின்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய புகைப்படம். மீசைக்காரர் ஒருவர் அடுக்கிய கட்டைகளுக்கு முன்னால் நின்றார். அந்தக் கட்டைகளிலும் வட்டமும் ஆரும் தெளிவாக இருந்தன.

புள்ளி மட்டும் இல்லை.

“இந்தப் புள்ளிகளுக்கு ஏதாவது கதை இருக்கிறதா? முதலாளி கேட்கிறார்,” என்றாள்.

செல்வராஜ் உடனே கேட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

ஒரு கணம்தான். கத்தரினின் கண் கட்டைக்குப் போய் வந்தது. முதன்முதலாக இப்போதுதான் அந்தப் புள்ளிகளைப் பார்க்கிறாள் போலிருந்தது. “என் பூட்டனாருக்கு மூன்று மகன்கள்,” என்றாள். “ஒருவருக்கு ஒரு புள்ளி.”

போகும்போது, வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்கென்று கட்டை முனையிலிருந்து அறுத்துவைத்த ஒரு வட்டத் துண்டை அன்பளிப்பாகத் தந்தாள். அதிலும் முத்திரை இருந்தது.

பஸ்ஸில் கூட்டமில்லை. வெளியே மழை, உள்ளே சூடு. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. ஞானாம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மகன்கள் கதை கத்தரின் அவசரத்தில் புனைந்த பொய். தன் முத்திரையில் புள்ளி வந்தது அவளுக்கே தெரியாது. அப்படியென்றால் புள்ளி வைத்தது யார்? எதற்கு?

செல்வராஜ் ஆவிக் கண்ணாடியில் விரலால் முத்திரையை வரைந்துகொண்டிருந்தான். சுத்தியலில் இருக்கிற மாதிரி ஒன்று, மரத்தில் இருக்கிற மாதிரி பக்கத்தில் இன்னொன்று.

“மேடம், ஒரு விஷயம் பாத்தீங்களா? ஸ்டாம்ப் அடிச்சா ஆர் திரும்பிக்குது. கீழ இருக்கறது திரும்பவே இல்ல. மேல ஒண்ணு, கீழ ரெண்டு. எந்தப் பக்கத்துலேருந்து பாத்தாலும் அதேதான்.”

“புள்ளி எப்பிடித் திரும்பும்? மேல ஒண்டு, கீழ…”

ஞானாம்பிகை கண்ணைத் திறந்தாள்.

மேலே ஒன்று. கீழே இரண்டு. மூன்று வயதில் அரிவரிப் புத்தகத்தில் ஔகாரத்துக்கும் ககரத்துக்கும் நடுவே தனியாக நின்ற எழுத்து.

“ஃ,” என்றாள்.

“மேடம்?”

“ஆய்தம். தமிழ் எழுத்து, செல்வராஜ். சுத்தியல்ல எழுத்தை மாத்தி வெட்டவேணும். தன்ர பேரின்ர முதல் எழுத்தை வைச்சிருந்தால் அது இடம் வலம் மாறிக் கிடந்து எல்லாருக்கும் கண்ணில படும். இது எப்பிடி அடிச்சாலும் நேராத்தான் விழும். வெள்ளைக்காரருக்குப் புள்ளி. எங்களுக்கு எழுத்து.”

செல்வராஜ் மரத்துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவனுக்கே பகிடி வரவில்லை. “அப்ப சுத்தியலச் செஞ்சதே அருமைராசாதான்.”

“ஓம். காட்டில நிண்ட மரத்துக்கு ஆத்து மரம் எண்டு பொய் முத்திரை. குத்தினது அவர். குத்திற ஒவ்வொண்டிலயும், பழைய முத்திரையில இல்லாத எழுத்தைப் போட்டு, இது பொய் எண்டு எழுதியும் வைச்சிருக்கிறார்.” அவள் சுத்தியலை மடியில் வைத்து முகத்தை மறுபடி தொட்டாள். விரல் ஒட்டியது. ஒட்டிய விரலைப் பார்த்தபடியே இருந்தவள் சட்டென்று பெருமூச்சு விட்டாள். “நான் ஒரு மடைச்சி.”

“ஏன் மேடம்?”

“இது அரிசி மூடைக்குள்ள கிடந்ததாம். இந்தப் பிசினில ஒரு அரிசியாவது ஒட்டியிருக்கோ?”

செல்வராஜ் குனிந்து பார்த்தான். இரும்பு பளபளவென்று பிசுபிசுத்தது. ஒரு மணி அரிசி இல்லை. அரிசி மாவு கூட இல்லை. “அப்ப அந்தம்மா…”

“அந்த மனிசிக்குப் புருசன் எங்க எண்டு தெரியும். அவர் கையிலயிருந்துதான் நேரா என்ர மேசைக்கு வந்தது.”

“மேடம்!” செல்வராஜ் சட்டைப்பையில் கையை விட்டு நல்லம்மா எழுதிய துண்டை எடுத்தான். “ஞாபகம் வந்துருச்சு. டெகல் அவென்யூ பக்கத்துல ஒரு அபார்ட்மென்ட், மூணாவது மாடில ஒரு பெட்ரூம் வீடு வாடகைக்குன்னு பால்கனில போர்டு. அதுல இருக்கற நம்பர் இது. போன வாரம் போன் பண்ணேன். பில்டிங்கப் பாத்துக்கற கன்சியர்ஜ் ஒரு தமிழ்ப் பொம்பள. வீடு போயிருச்சுன்னாங்க. முந்தா நாள் அந்தப் பக்கம் போனா போர்டு அப்படியே தொங்குது. தமிழ்நாட்டுக்காரனுக்கு வீடு தர இஷ்டமில்ல போலன்னு நினைச்சு ரெண்டு நாளா மனசு கஷ்டமா இருந்தது.”

“வீட்டில ஆள் இருக்கிறார் தம்பி. வாடகைக்கு இல்லை, அவ்வளவுதான்.”

நாலு மணிக்கு அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பெயர் எழுதாத ஒரு கதவுக்கு முன்னால் நின்றார்கள். லிப்ட் வேலை செய்யவில்லை. ஞானாம்பிகை சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தட்டினாள். உள்ளே ஒரு கதிரை அசைந்த சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

“அருமைராசா,” என்றாள், சத்தம் போடாமல். “நான் பொலிஸ் இல்லை. உங்கட ஆய்தத்தை வாசிச்சிட்டுத்தான் வந்திருக்கிறன்.”

பின்னால் வாளி ஒன்று படியில் உருண்டது. துடைப்பத்தோடு ஏறிவந்த நல்லம்மா பாதிப் படியில் நின்றாள். ஞானாம்பிகையைப் பார்த்தாள், செல்வராஜைப் பார்த்தாள், அப்படியே படியில் இருந்துவிட்டாள்.

“ஒரு நாள் கூட ஆகேல்லையே அக்கா,” என்றாள்.

“அதைத்தான் பாக்க வந்தனீங்களோ? எத்தினை நாள் எடுக்கும் எண்டு?”

“அந்தச் சுத்தியல் எங்களைக் காட்டிக் குடுக்குமோ எண்டு தெரிய வேண்டியிருந்தது. ஆரைக் கேக்கிறது? நீங்கள் கண்டுபிடிக்காட்டி அவங்களும் கண்டுபிடிக்க மாட்டாங்கள் எண்டு நினைச்சன். ஒரு மாதம் இப்பிடியே கிடந்தால் பேப்பர் வந்திடும் எண்டு…” அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

துப்பறிகிற இந்த ஐந்து வருடத்தில் ஞானாம்பிகையை யாரும் இப்படிப் பயன்படுத்தியதில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது களைப்புத்தான். அவளும் அந்தப் படியில் நல்லம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

கதவு திறந்தது. மெலிந்த, உயரமான மனிதர். விரல் நகங்களில் பிசின் கறுப்பு இன்னும் போகவில்லை.

“சுன்னாகத்தில லேத் வேலை செய்தனான்,” என்றார் அருமைராசா, உள்ளே வெறுந்தரையில் எல்லோரும் இருந்த பிறகு. “போன வருசம் அந்த அம்மா ஒரு படத்தைக் காட்டி, இப்பிடி ஒரு சுத்தியல் செய்து தா எண்டா. கடைக் கண்ணாடிக்குள்ள வைக்க எண்டுதான் நினைச்சன். பேந்து வடக்கில இருந்து லொறியில மரம் வந்தது. ஒவ்வொண்டும் ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சாலும் கை எட்டாது. முந்நூறு வளையம் எண்ணினன் ஒண்டில. வெட்டக் கூடாத காடு எண்டு லொறிக்காரனே சொன்னான். அதுகளுக்குக் குத்தச் சொன்னா.”

“மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாமே.”

“சொல்லுறதுக்கு என்னட்ட என்ன பேப்பர் இருக்கு அக்கா?” அவர் கையை விரித்துப் பார்த்தார். “முதல் சுத்தியலைப் பிழையாப் போச்சுதெண்டு சொல்லி உருக்கிப்போட்டு, இதைச் செய்தன். புள்ளியோட. ஆர் வாசிக்கப் போயினம் எண்டு யோசிக்கேல்லை. சும்மா அடிக்கக் கை வரேல்லை, அவ்வளவுதான். போன கிழமை மியூசியம் ஒண்டுக்கு மரம் போகுது, ஆத்து மரம்தான் எண்டு நீதான் கையெழுத்து வைக்கவேணும் எண்டா. அண்டைக்குச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்திட்டன். அது இல்லாட்டிக் குத்த ஏலாது எல்லோ.” பிறகு, யாரோ கேட்ட மாதிரிச் சொன்னார்: “அந்த அம்மா கெட்டவ இல்லை. மழைக்கு எங்களை வீட்டில கொண்டுவந்து விடுவா.”

செல்வராஜ் கையிலிருந்த மரத்துண்டைத் தரையில் வைத்தான்.

“எனக்கு ஒரு பகல் எடுத்தது,” என்றாள் ஞானாம்பிகை. “முழங்கால் நோவோட. பொலிஸுக்கு ரெண்டு பகல் எடுக்கும். அவங்கள் வந்து பிடிக்கிறது வேற, நீங்களாப் போறது வேற.”

“போனால் திருப்பி அனுப்ப மாட்டாங்களோ?” நல்லம்மா கேட்டாள்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடம் இதே கேள்விக்கு அதிகாரிகள் சொன்ன ஆறுதல் எல்லாவற்றையும் அவள்தான் தமிழில் சொன்னாள். அதில் எத்தனை பலித்தது என்றும் அவளுக்குத் தெரியும்.

“தெரியாது,” என்றாள். “நானும் கூட வாறன். நீங்கள் சொல்லுறதை நான் சொல்லுறன்.”

பொலிஸ் நிலையத்தில் அவர்களை எதிர்கொண்டவர் நரைத்த தலை விசாரணை அதிகாரி. அருமைராசா தானாக வந்து நிற்பதைப் பார்த்துச் சற்று வியந்தார். அறைக்குள் செல்வராஜையும் இருக்கவிட்டார். ஞானாம்பிகை சுத்தியலையும் மரத்துண்டையும் மேசையில் வைத்து, லூசியான் சொன்னதைச் சொன்னாள். பழைய புகைப்படத்தில் புள்ளி இல்லாததைச் சொன்னாள். ஒரு காகிதத்தில் ஃ எழுதிக் காட்டினாள்.

அதிகாரி மரத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தச் சுத்தியலைச் செய்தது இவர்தானா?”

“ஓம்,” என்றார் அருமைராசா. “பழைய இரும்புத் துண்டில. என்ர கையால.”

அவள் மொழிபெயர்த்தாள்.

“அப்படியானால் முறைப்பாட்டில் எழுதியிருக்கும் பொருள் உலகத்திலேயே இல்லை. ஆயிரத்து எண்ணூற்று எண்பதாம் ஆண்டுச் சுத்தியல் என்று ஒன்று இருந்தால்தானே அதைத் திருட முடியும்.” அதிகாரி கோப்பை மூடினார், பேனாவுக்கும் மூடியைப் போட்டார். “காட்டு விஷயத்தை வன அமைச்சுக்கு அனுப்புகிறேன். அவர்கள் மதாம் ரிவாரிடம் பேசிக்கொள்வார்கள். இவர் வீட்டுக்குப் போகலாம்.”

ஞானாம்பிகை தமிழில் சொன்னாள். நல்லம்மா வெளியே வாங்கு ஒன்றில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். எழுந்து கதவைத் திறந்தால் போதும், முடிந்தது.

அருமைராசா எழும்பவில்லை. “அக்கா, நாற்பத்தொரு கட்டையில நான் குத்தினனான். அதையும் சொல்லுங்கோ.”

“அவர் அதைக் கேக்கேல்லை.”

“கேக்காட்டிலும் சொல்லுங்கோ.”

“உங்களுக்குப் பேப்பர் இன்னும் வரேல்லை. விளங்குதோ?”

“விளங்குது அக்கா. நான் குத்தாட்டி அந்த மரங்களை விக்க ஏலாது. விக்க ஏலாட்டி வெட்டியிருக்க மாட்டினம்.”

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அவள் வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம்; நன்றி சொல்கிறார் என்று சொல்லலாம். செல்வராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்ப்பு வேலையை விட்டு ஓடியதே இந்தக் கணத்துக்குப் பயந்துதான் என்று ஞானாம்பிகைக்குத் தோன்றியது.

சொன்னாள். நாற்பத்தொன்று என்பதற்குப் பிரெஞ்சில் மூன்று சொற்கள். ஒன்றையும் விழுங்கவில்லை.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். இன்னொரு படிவத்தை எடுத்தார். மேலே இரண்டு கட்டங்கள். பேனா முதல் கட்டத்துக்கு மேலே நின்றது. மரத்துண்டின் புள்ளிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டார்.

“எதில போட்டவர் அக்கா?”

“சந்தேக நபர் எண்டதில போடேல்லை, சாட்சி எண்டு போட்டிருக்கிறார். அமைச்சுக்காரர் கூப்பிடேக்க போகவேணும்.”

அருமைராசா தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவுவரை போனவர் நின்று திரும்பினார்.

“அப்ப மரக் காலையை மூடிப்போடுவினம். என்னோட வேலை செய்யிற மற்றப் பத்துப் பேரும் என்ன செய்வினம்?”

அதிகாரி நிமிர்ந்து, என்ன கேட்கிறார் என்று கண்ணால் கேட்டார். ஞானாம்பிகை அதை மொழிபெயர்க்கவில்லை. எழுந்து, நல்லம்மா காத்திருந்த பக்கம் கதவைத் திறந்தாள்.